அறுபத்தெட்டு

இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது. இரண்டு மணிக்கு மிஷினை நிறுத்தி மூடியைத் திறந்து, காலை ஆறு மணிக்கு வைத்த ஃபில்டர் பேப்பரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைக்க வேண்டும். அதுவரை திறக்கக் கூடாது. எனக்கு இப்போதே திறந்து பார்க்க வேண்டும் போலிருக்கிறது. நாற்பத்தொன்பது வயதில் இந்த நாகபூஷணத்துக்கு வந்திருக்கிற ஆசையைப் பார், ஒரு காகிதத்தைப் பார்க்க வேண்டுமாம். பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி போட்டிருக்கிற நிழல் ஒரு ஆள் உட்காரத்தான் காணும், அதற்குள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறேன். எதிரே மிஷின். இடுப்பு உயரத்துக்கு ஒரு அலுமினியப் பெட்டி, மேலே கூரை வைத்த மூடி, உள்ளே ஒரு மோட்டார் ஊரின் காற்றை இழுத்து அந்தக் காகிதத்தின் வழியாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. காற்று போய்விடும், காற்றில் இருந்தது காகிதத்தில் நின்றுவிடும். காகிதம் வெள்ளையாகப் போகும்போது ஒரு எடை, கறுத்து வரும்போது ஒரு எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த ஊர் மூச்சுவிடுகிற லட்சணம். காற்றை அளக்கிற கவர்மென்ட் லேப்பில் தராசு இருக்கிறது, நான் மாடிக்காரன். காகிதத்தை விரலால் தொடக் கூடாது, விரலின் எண்ணெய்கூட எடை காட்டும், இடுக்கியால் ஓரத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். ஆறு வருடத்தில் ஒரு நாளும் நான் தொட்டதில்லை. ஒரு நாளும் ஐந்து நிமிடம் முன்னே பின்னே திறந்ததில்லை. அப்படிப்பட்ட ஆளுக்கு இன்றைக்குக் கை பரபரக்கிறது. ஏனென்றால் இன்றைக்குக் காலையில் நான் தண்ணீர் தெளிக்கவில்லை.

நேற்று பெனாசிர் மேடம் சொல்லாமல் கொள்ளாமல் காலை ஆறேகாலுக்கே வந்து நின்றார். லேப்பில் கெமிஸ்ட், சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது, படி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் தரையைத்தான் பார்த்தார். 'ராத்திரி மழையா அண்ணே?' இல்லை மேடம், நான்தான் தெளிச்சேன் என்றேன், சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பாராட்டவில்லை. கோபப்படவும் இல்லை. துப்பட்டாவை ஒதுக்கிக்கொண்டு மிஷினைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, 'தெளிக்காதீங்க அண்ணே. பக்கத்துல இருக்கிற தூசி அடங்கிடுது இல்ல? இது ஊர்க் காத்தை இழுக்கணும். நீங்க கழுவி வெச்ச காத்தை இழுத்தா நம்பர் கம்மியாதானே வரும்' என்றார். அப்புறம் கேட்டார், 'தினமும் தெளிப்பீங்களா?' இன்னைக்கு மட்டும்தான் மேடம். என் வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது. சரிண்ணே என்று சொல்லி, படம் ஒன்று எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நம்பிவிட்டார். அவர் நம்பாமல் இருந்திருந்தால் நேற்று ராத்திரி நான் தூங்கியிருப்பேன். இன்னைக்கு மட்டும்தான் மேடம். நாலு வருடமாக, காலையில் இரண்டு வாளி, வெயில் ஏறினதும் ஒரு வாளி, பேப்பர் மாற்றும்போது இன்னும் ஒரு வாளி, இதோ இந்தத் தொட்டியிலிருந்தே பிடித்துப் பிடித்துத் தெளித்திருக்கிறேன்.

எங்கிருந்து வந்தது இந்தப் பழக்கம் என்றால், வீட்டிலிருந்து. இந்திராணிக்கு வீசிங் ஆரம்பித்த வருடம் அது. முதலில் சளி என்றோம், பிறகு குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றோம், பிறகு அவள் ராத்திரியில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்க ஆரம்பித்ததும் பெரிய ஆஸ்பத்திரியின் நெஞ்சு டாக்டரிடம் போனோம். டாக்டர் எழுதிக் கொடுத்த, வாய்க்குள் மருந்து அடிக்கிற பம்பை அவள் மூன்று மாதம் அலமாரியில் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள், அடித்தால் பழகிவிடும், அப்புறம் விட முடியாது என்று யாரோ சொன்னார்களாம். அந்த டாக்டர்தான் சொன்னார், வீட்டில் யாரும் வறட்டுத் துடைப்பம் போடாதீர்கள், பெருக்குவதற்கு முன்னால் தண்ணீர் தெளித்துவிடுங்கள் என்று. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வாசல் தெளிப்பதும் பெருக்குவதும் என் வேலை. எதிர் வீட்டுப் பெண்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் பார்த்துப் பழகிவிட்டார்கள். நாலரை மணிக்கு எழுந்து வாசல் தெளித்துப் பெருக்கிவிட்டு ஐந்தரைக்குக் கிளம்பி இங்கே வந்தால், மாடித் தரை முழுக்க லாரிப் புகையின் கறுப்புப் பொடி, நடந்தால் காலடி பதியும். கை சும்மா இருக்குமா? வீட்டில் செய்ததையே இங்கேயும் செய்தேன். தொழில் செய்கிற இடம் இல்லையா. ஆயுத பூஜைக்கு இந்த மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நறுக்குகிற ஆள் நான், மூடியில் சந்தனம் வழியாமல் பார்த்து வைப்பேன். யாரும் தெளிக்கச் சொல்லவில்லை, தெளிக்கக் கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை. விரலால் தொடாதே என்று சொல்லிக் கொடுத்தவர்கள், வாளியைப் பற்றி நினைத்துப் பார்க்கவே இல்லை. எப்படி நினைப்பார்கள், எந்த மடையன் காற்றை அளக்கிற மிஷினுக்கு வாசல் தெளிப்பான்.

கீழே மணி அடித்துவிட்டது, சாப்பாட்டு நேரம். சாம்பார் சாத வாசனையும் அவித்த முட்டை வாசனையும் மேலே வருகிறது, தட்டுகளின் சத்தம், வரிசையில் நில்லு என்று டீச்சர் அதட்டுவது. சாலைப் பக்கம் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் காலையிலிருந்து அதே இடத்தில் நிற்கின்றன, பத்தடி நகர ஒரு தடவை என்ஜினை முறுக்குகிறார்கள், அந்தப் புகை மதில் மேல் ஏறி இந்தப் பக்கம் வருகிறது. இந்த நேரத்துக்குக் கடல்காற்று திரும்பிவிடும். திரும்பினால் புகை ஊருக்குள் போகும், எங்கள் தெருப் பக்கம். இந்திராணி இப்போது ஜன்னலைச் சாத்தியிருப்பாள். சாத்தியிருப்பாளா? சாத்தினால் புழுங்கும், புழுங்கினாலும் அவளுக்கு மூச்சு முட்டும், திறந்தாலும் முட்டும், எதில் கொஞ்சம் குறைவோ அதைச் செய்வாள். நான் அவளை நினைக்கும்போதெல்லாம் அவள் ஜன்னல் கம்பியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைவு வருகிறது. காலையில் துடைத்தால் சாயங்காலம் துணி மறுபடியும் கறுப்பு. அந்தத் துணியை அவள் எனக்குக் காட்டினதே இல்லை. குழாயடியில் அலசிக் காயப்போட்டுவிடுவாள்.

அறுபத்தெட்டு. நினைக்க வேண்டாம் என்று பார்த்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் டாக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். ஊதுகிற பரிசோதனையில் இந்திராணிக்கு அறுபத்தொன்று வந்திருந்தது, நூற்றுக்கு அறுபத்தொன்று, அவள் வயதுக்கு நூறு இருக்க வேண்டும். 'மருந்து பாதி வேலைதாங்க செய்யும். வீட்டை மாத்த முடியுமா பாருங்க' என்றார். மாற்ற இடமும் இருந்தது. இந்திராணியின் தங்கை வனஜா திருநின்றவூரில் இருக்கிறாள், அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு போர்ஷன் காலி, சொல்லி வைக்கிறேன் அக்கா என்றாள். போயிருக்கலாம். ஆனால் திருநின்றவூரிலிருந்து காலை ஆறு மணிக்கு இந்த மாடியில் வந்து நிற்க முடியாது, இரண்டு ரயில் மாறி, அப்புறம் பஸ், எந்தக் கணக்குப் போட்டாலும் ஏழுக்கு முன்னால் நடக்காது. ஏழு மணிக்கு வருகிறவன் இந்த வேலைக்கு ஆகமாட்டான். நாற்பத்தேழு வயதில் இன்னொரு வேலைக்கு எங்கே போய் நிற்பது, அந்தப் பயத்தை நான் இந்திராணியிடம் சொல்லவில்லை. அந்த வாரம்தான் லேப் சுவரில், எந்த மாடிக் காற்றில் எவ்வளவு தூசி என்ற வருடாந்திரப் பட்டியலை ஒட்டினார்கள். இந்த மாடிக்கு நேராக அறுபத்தெட்டு. பக்கத்துக் கட்டத்தில் 'திருப்திகரம்' என்று போட்டிருந்தது. பெரிய சாலையோரத்து மாடிகள் எல்லாம் நூற்றிருபது, நூற்று நாற்பது என்று நிற்க, நம்முடையது மட்டும் அறுபத்தெட்டு. பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் அவளிடம் கையை நீட்டினேன். பாரு இந்திராணி, கவர்மென்ட்டே ஒத்துக்கிற நம்பர், நம்ம ஏரியா திருப்திகரம், டாக்டருக்கு இது தெரியாது, அவர் பொதுவா சொல்றாரு. அவள் என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வந்து மூச்சு வாங்கினாள், நான் முந்திக்கொண்டு, இங்கேயே இருந்திடலாம்ங்கிறே, அதானே என்றேன். தலையாட்டினாள். வனஜாவுக்கு அன்றைக்கே போன் போட்டு வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

போன மாதம் ஊதினபோது நாற்பத்தேழு. ஊதவைக்கிற நர்ஸ் நல்ல பெண், கை தட்டித் தட்டிச் சொல்லும், ஊதும்மா, ஊது ஊது ஊது, நிறுத்தாதே, இன்னும் கொஞ்சம், இன்னும். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நானும் கூடவே ஊதினேன், எனக்குத் தெரியாமலேயே என் கன்னம் உப்பியிருந்தது. அறுபத்தொன்றிலிருந்து நாற்பத்தேழு. பதினாலு. இரண்டு வருடத்தில் பதினாலு. என் வாளிக்கு அதில் எவ்வளவு பங்கு? இதைத்தான் ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வாளி தண்ணீர் எவ்வளவு தரையை நனைக்கும், அது காய எவ்வளவு நேரம், ஏப்ரல் மாத வெயிலில் அரை மணி நேரம்கூட நிற்காதே, அப்படியானால் பெரிய வித்தியாசம் இருக்காது என்று ஒரு மனசு. மார்கழியில் ஒன்பது மணி வரைக்கும் ஈரம் இருக்குமே என்று இன்னொரு மனசு. இருபது குறைத்திருப்பேனா, முப்பது குறைத்திருப்பேனா, அறுபத்தெட்டு உண்மையில் தொண்ணூற்றெட்டா. தொண்ணூற்றெட்டு என்று எழுதிக்கொண்டு போயிருந்தால் நாங்கள் கிளம்பியிருப்போமா. அங்கேதான் சிக்குகிறது. அப்போதும் நான் வேறு எதையாவது சொல்லியிருப்பேன். நூறைத் தாண்டவில்லை பார் என்று சொல்லியிருப்பேன். எனக்கு ஒரு எண் வேண்டியிருந்தது, எது கிடைத்திருந்தாலும் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடியிருப்பேன். இப்படி நினைத்தால் வாளியின் மேலிருந்து பாரம் இறங்கி என் மேல் ஏறுகிறது. திரும்ப வாளிக்கே போய்விடலாம் என்று இருக்கிறது, தெரியாமல் செய்த தப்புக்கு மன்னிப்பு உண்டு. மேடத்திடம் சொன்ன பொய்யைக்கூடச் சொல்லிச் சரிசெய்துவிடலாம், அண்ணே அண்ணே என்று கூப்பிடுகிற பெண், கேட்டுக்கொள்வார். இந்திராணியிடம் என்னவென்று சொல்வது. நம்பி உட்கார்ந்தோமே, அது நான் கழுவி வைத்த எண் என்றா. இரண்டு வருடம் நீ இழுத்தது வேறு காற்று என்றா. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொல்லாமல் இருந்தால் அடுத்த வருடம் எத்தனை ஊதுவாள், நாற்பதா. அதற்குக் கீழே போனால் வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வைக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எனக்குப் பயமாக இருக்கிறது. மோட்டார் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கிறது, இதற்கு மூச்சு வாங்குவதில்லை, எட்டு மணி நேரமும் இழுத்துக்கொண்டே இருக்கும். கைக்கடிகாரத்தில் ஒன்று ஐம்பத்தெட்டு.

இரண்டு மணி. எழுந்தபோது முழங்கால் சொடுக்கியது. மோட்டாரை நிறுத்தினேன். அது நின்ற பிறகுதான் லாரிகளின் சத்தம் முழுதாகக் கேட்டது. திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கி, சட்டத்தை விடுவித்து, இடுக்கியால் காகிதத்தின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன். காலையில் பால் வெள்ளையாக வைத்தது. ஓரத்தில் சட்டம் அழுத்தியிருந்த விரல்கடை அகலம் மட்டும் இன்னும் வெள்ளை, உள்ளே முழுக்கக் கறுப்பு. நேற்றைவிட அதிகமா என்று பார்த்தேன். முந்தாநாளைவிட அதிகமா. வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன். தெரியவில்லை. கண்ணுக்கு எடை தெரியாது. நேற்றும் இப்படித்தான் இருந்தது. போன மாதமும் இப்படித்தான். அறுபத்தெட்டு என்று பட்டியல் ஒட்டின அன்றைக்கும், அதற்கு முந்தின நாளும், தண்ணீர் தெளித்த ஒவ்வொரு நாளும், நான் இந்தக் கையால் எடுத்து உறையில் போட்டது இதே கறுப்பைத்தான். ஆறு வருடமாக எங்கள் தெருவிலேயே இதைத் தினமும் பார்க்கிற ஆள் நான் ஒருத்தன். எட்டு மணி நேரத்தில் ஒரு வெள்ளைக் காகிதம் என்ன ஆகிறது என்று எனக்கு யாரும் எண் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனேன். காகிதத்தை இடுக்கியாலேயே இரண்டாக மடித்து உறையில் போட்டு நேரத்தை எழுதினேன். குறிப்பு என்ற கட்டம் எப்போதும் காலியாகத்தான் இருக்கும், அதில், நான்கு வருடமாகத் தினமும் தரையில் தண்ணீர் தெளித்து வந்தேன், இன்று முதல் தெளிக்கவில்லை, நாகபூஷணம் என்று எழுதினேன். கட்டத்துக்குள் அடங்கவில்லை, ஓரத்தில் சாய்த்து எழுதினேன். புதுக் காகிதம் வைத்து மோட்டாரைப் போட்டுவிட்டு, சத்தம் கேட்காத மூலைக்குப் போய் நின்று போனை எடுத்தேன்.

'சொல்லுங்க' என்றாள். சாப்டீங்களா என்று கேட்பதற்கு முன்னால் ஒரு மூச்சு எடுத்தாள், நான் அதற்குள் ஆரம்பித்துவிட்டேன். வாளியைச் சொன்னேன், மேடம் வந்ததைச் சொன்னேன், பொய் சொன்னதைச் சொன்னேன். அறுபத்தெட்டு சரியான நம்பர் இல்லை இந்திராணி, நான்தான் குறைச்சிட்டேன் என்றேன். விசில் மாதிரி அவளுடைய அந்த மெல்லிய இழுப்பு கேட்டது. வழக்கமாக இந்த இடத்தில் நான் அவளுக்கு வார்த்தை எடுத்துக் கொடுத்துவிடுவேன், கோவமா, சரி விடுங்கறியா, என்று எதையாவது. இன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

'அந்த நம்பரை நான்' என்றாள். நிறுத்தினாள். 'என்னைக்குங்க நம்பினேன்.'

'பின்ன ஏன் அன்னைக்குத் தலையாட்டினே?'

'நீங்க சிரிச்சிக்கினே வந்தீங்க.' ஒரு மூச்சு. 'ரொம்ப நாள் கழிச்சு.' இன்னொன்று. 'காத்து நல்லாதான் இருக்குதுன்னா... எனக்கு ஏங்க மூச்சு வாங்குதுன்னு... கேக்கத்தான் வந்தேன். அதுக்குள்ள நீங்க முடிச்சிட்டீங்க.'

கீழே கடைசியாகச் சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். அப்புறமாவது கேட்டிருக்கலாமே, ரெண்டு வருஷம் அதை உள்ளேயே வெச்சிக்கிட்டு இருந்தியா என்றேன்.

'கேட்டா நீங்க ஒண்ணு சொல்வீங்க. நான் ஒண்ணு சொல்லணும்.' நிறுத்தினாள். நான் காத்திருந்தேன், நாலு லாரி நகர்ந்தது. 'அதுக்கெல்லாம் மூச்சு வேணுமில்ல.'

வனஜா பக்கத்தில் ஏதாவது இடம் இன்னும் இருக்குமா என்று கேட்டேன். இருக்கும் என்றாள், உடனே, 'ஆறு மணிக்கு மிஷினை யார் போடுவாங்க?' என்றாள்.

'வேற ஆள் வருவாங்க. நான் அங்கியே எதுனா பாத்துக்கறேன். வனஜாவுக்கு இப்பவே ஒரு போன்...' என்றேன். சரி என்று சொல்ல அவள் மூச்சை இழுப்பது கேட்டது. 'இல்ல, நீ பேசாதே இந்திராணி' என்றேன். 'வனஜாகிட்ட நானே பேசறேன்.'